மெடலில் மூன்று பட்டை, ரோலில் இரண்டுதான்

லண்டனில் பழைய ராணுவ மெடல்கள் விற்கும் ஒரு கடையில் மார்ச் மாதம் ஒரு குவீன்ஸ் சவுத் ஆப்பிரிக்கா மெடல் வாங்கினேன். தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போயர் போரில் 5-ம் லான்சர்ஸ் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்த ஒருவருக்குக் கொடுத்தது. விலை 460 பவுண்டு. கூடவே அவருடைய போர்க்காலப் பணி வரலாறு என்று ஒரு அச்சிட்ட கோப்பு, அதற்குத் தனியாக 35 பவுண்டு. மெடல் அசல்தான், அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆனால் அதன் ரிப்பனில் இருந்த மூன்றாவது வெள்ளிப் பட்டை அவருடையது இல்லை, அந்தக் கோப்பு அவரைப் பற்றியதும் இல்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் என் நோக்கம். சிப்பாயின் பெயரையும் எழுதவில்லை, அவர் வழியில் வந்தவர்கள் இன்னும் எங்காவது இருப்பார்கள்.

இந்தப் போருக்குள் நான் வந்தது காந்தி வழியாக. 1899-ல் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள், பெரும்பாலானோர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்குப் போனதே, அதில் தொடங்கிய வரிசை அது, நம் ஆட்கள் அதில் நிறைய. அதைப் படிக்கப் போய், நாட்டாலில் போயர்கள் வளைத்துக்கொண்ட லேடிஸ்மித் ஊரின் முற்றுகைக்குள் போனேன், இன்னும் வெளியே வரவில்லை. அந்த ஊருக்குள் 118 நாள் அடைபட்டுக் கிடந்த ஒருவரின் கையில் இருந்த பொருள் ஒன்று என் கைக்கு வர வேண்டும் என்று பல வருஷமாக ஆசை.

முதலில் மெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 36 மில்லிமீட்டர் விட்டம், வெள்ளி. முன்பக்கம் முக்காடும் கிரீடமும் அணிந்த விக்டோரியா ராணி. பின்பக்கம் பிரிட்டானியா ஒரு கையில் கொடியும் இன்னொரு கையில் இலைமாலையுமாக, வரிசையாக வரும் சிப்பாய்களை நோக்கி நீட்டுகிறாள், தூரத்தில் கப்பல்கள். ரிப்பனில் நடுவே அகலமாக ஆரஞ்சு, இரண்டு பக்கமும் ஒல்லியாக நீலம், ஓரத்தில் சிவப்பு. இந்த மெடலை முதலில் அடித்தபோது போர் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் 1899-1900 என்று வருஷத்தையும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். போர் 1902 மே கடைசி வரை இழுத்தது. அதனால் அச்சிலிருந்து அந்த எண்களைச் சுரண்டி எடுத்தார்கள். சில மெடல்களில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அந்த எண்களின் நிழல் இன்னும் தெரியும். என்னுடையதில் தெரியவில்லை, மாலையின் முனையும் ஆப்பிரிக்கா என்ற ஆங்கிலச் சொல்லின் எஃப் எழுத்தைப் பார்க்கிறது, ஆகவே பிந்தைய அச்சு.

விளிம்புதான் முக்கியம். அங்கேதான் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் குத்தியிருக்கும். பிரிட்டன் அந்தக் காலத்தில் சிப்பாய்க்குக் கொடுத்த மெடல்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. தளபதிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி, இரண்டிலும் பெயர் உண்டு. பெயரை அராவிவிட்டு வேறு பெயர் குத்தியிருந்தால் விளிம்பு தேய்ந்து விட்டம் கொஞ்சம் குறையும், எழுத்து நிற்கிற இடத்தில் மட்டும் பள்ளமாக இருக்கும். வெர்னியர் காலிப்பர் கொண்டுபோய் நாலைந்து இடத்தில் அளந்தேன், எங்கும் ஒரே அளவு. கடைக்காரர் முகம் சுளிக்காமல் அளக்க விட்டார், லென்ஸும் அவரே எடுத்துக் கொடுத்தார். இதை நல்லபடியாகவே குறிப்பிட வேண்டும். மெடலைக் கையில் தராமல் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கிற இடங்களுக்கும் நான் போயிருக்கிறேன்.

அப்புறம் பட்டைகள். கிளாஸ்ப் என்பார்கள், ரிப்பனின் மேல் ஏணிப்படி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் வெள்ளிப் பட்டைகள். இந்த மெடலுக்கு மொத்தம் 26 வகைப் பட்டைகள் உண்டு. ஒருவர் எங்கே இருந்தார், எப்போது இருந்தார் என்பதை அவைதான் சொல்லும். நான் வாங்கியதில் கீழிருந்து மேலாக எலாண்ட்ஸ்லாக்டே, டிஃபென்ஸ் ஆஃப் லேடிஸ்மித், சவுத் ஆப்பிரிக்கா 1901 என்று மூன்று. அட்டையில் "ரோலுடன் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தார்கள். ரோல் என்பது யாருக்கு எந்தப் பட்டை என்று ராணுவம் எழுதி வைத்த பட்டியல். அட்டையின் அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இரவு சாப்பாடு முடிந்ததும் மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தபோதுதான் மூன்றாவது பட்டை உறுத்தியது. முதல் பட்டை மெடலின் மேல்கம்பியோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, இரண்டாவது அதன் மேல் ரிவெட் அடித்து நிற்கிறது, தலை உருண்டு சீராக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மூன்றாவதில் ரிவெட்டே இல்லை, மெல்லிய கம்பியை நுழைத்து வளைத்து நுனியில் ஈயம் வைத்திருக்கிறார்கள். எழுத்துகளைச் சுற்றி லென்ஸில் பார்த்தால் ஊசி குத்தியது போலப் பொடிப் பொடியான குழிகள். அச்சில் அடித்த வெள்ளியில் அது வராது, உருக்கி ஊற்றினால்தான் வரும். ரிவெட் இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் பிறகு தபாலில் வந்த பட்டைகளைச் சிப்பாய்கள் ஊர் நகைக்காரரிடம் கொடுத்து மாட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்தக் குழிகள் என்னைத் தூங்க விடவில்லை.

கடை கொடுத்த கோப்பை அன்று இரவே முழுசாகப் படித்தேன். எட்டுப் பக்கம், வழவழப்பான தாள், வண்ணப் படம். எலாண்ட்ஸ்லாக்டேயில் ஈட்டியோடு பாய்ந்தார், லேடிஸ்மித்தில் தாக்குப்பிடித்தார், 1902-ல் சமாதானம் வரும் வரை போயர் கமாண்டோக்களைத் துரத்தினார். ஒவ்வொரு வாக்கியத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை எடுத்துவிட்டு அதே ரெஜிமென்ட்டின் வேறு யார் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. பிறந்த ஊர் இல்லை, சேர்ந்த தேதி இல்லை, உடம்புக்கு என்ன ஆனது என்று இல்லை, வெளியே வந்த பிறகு என்ன என்று இல்லை. ரெஜிமென்ட்டின் கதையை எடுத்து ஒரு மனிதனின் தலையில் கட்டியிருக்கிறார்கள். எனக்கு உண்மையில் கோபம் வந்தது அந்தப் பட்டையைவிட இந்தக் கோப்பால்தான்.

அடுத்த சனிக்கிழமை க்யூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். க்யூ கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷ நடை, வாசலில் பெரிய குளம். இங்கே கிடைத்த சேவைக்கு நான் எவ்வளவு நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன். மெடல் ரோல்கள் டபிள்யூ.ஓ. 100 என்ற வரிசையில் இருக்கின்றன, ஓய்வூதியத்தோடு வெளியேறிய சிப்பாய்களின் பணிக் காகிதங்கள் டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசையில். இரண்டையும் ஸ்கேன் செய்து ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் ஆகிய தளங்களில் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் சந்தா கட்ட வேண்டும், காப்பகத்துக் கணினியில் இலவசம். எனக்கு எழுத்து புரியாமல் திணறிய இடத்தில் உதவி மேசையில் இருந்த அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார்.

ரோலில் அவர் கிடைக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. கையெழுத்தில் எண், பதவி, பெயர், பக்கத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கட்டம். எலாண்ட்ஸ்லாக்டே கட்டத்தில் குறி, லேடிஸ்மித் கட்டத்தில் குறி, அப்புறம் வெறுமை. கடைசியில் குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல், நோயால் திருப்பி அனுப்பப்பட்டவர் என்று அர்த்தம்.

சவுத் ஆப்பிரிக்கா 1901 பட்டை யாருக்குக் கிடைக்கும் என்றால், அந்த வருஷத்தில் அங்கே பணியில் இருந்து, பின்னால் வந்த கிங்ஸ் சவுத் ஆப்பிரிக்கா மெடலுக்குத் தகுதி பெறாதவர்களுக்கு. அந்த கிங்ஸ் மெடலுக்கு 1902 ஜனவரியிலும் அங்கே இருந்திருக்க வேண்டும், ஒன்றரை வருஷப் பணியும் நிறைந்திருக்க வேண்டும். இவரோ பணிக் காகிதத்தின்படி 1900 மே மாதமே கப்பலில் இங்கிலாந்து திரும்பிவிட்டார். 1901-ல் அவர் தென்னாப்பிரிக்காவிலேயே இல்லை. அந்த வருஷத்தின் பெயரைப் பொறித்த பட்டை அவர் நெஞ்சில் இருந்திருக்க வழியே இல்லை.

ஆனால் நான் க்யூவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது அந்தக் காகிதங்களுக்காக. சேரும்போது வயது பத்தொன்பது, வேலை செங்கல் சூளையில். உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம், கண் சாம்பல் நிறம், இடது முன்கையில் பச்சை குத்திய நங்கூரம். குதிரைப்படைக்காரன் கையில் நங்கூரம் எதற்கு என்று அந்தப் படிவம் சொல்லவில்லை, ஆனால் நான் அந்தக் கையை இப்போது பார்க்கிறேன். 7 வருஷம் படையிலும் 5 வருஷம் ரிசர்விலும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்தியாவில் சில வருஷம், அங்கிருந்து ரெஜிமென்ட்டோடு தென்னாப்பிரிக்கா. நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதி, பிறகு வேறு மையில் அடித்துவிட்டு அக்கா பெயரை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

எலாண்ட்ஸ்லாக்டே சண்டை 1899 அக்டோபர் 21. லேடிஸ்மித்துக்கு வடகிழக்கே ஒரு ரயில் நிலையம். போயர்கள் அதைப் பிடித்துக்கொள்ள, ஜெனரல் ஃபிரெஞ்ச் தலைமையில் படை அனுப்பி மீட்டார்கள். இடியும் மழையுமான பிற்பகல், பொழுது சாய்கிற நேரத்தில் பின்வாங்கிய போயர்கள் மேல் 5-ம் லான்சர்ஸின் ஒரு ஸ்குவாட்ரனும் (ரெஜிமென்ட்டின் ஒரு பிரிவு) 5-ம் டிராகூன் கார்ட்ஸின் ஒரு ஸ்குவாட்ரனும் பாய்ந்தன. ஒருமுறை ஊடுருவிப் போய், திரும்பி, மறுபடியும் அதே வழியாக வந்தார்கள். குதிரைமேல் இருந்து ஈட்டியால் குத்தியதை, அதுவும் சரணடைய வந்தவர்களையும் குத்தியதை, போயர்கள் கடைசி வரை மன்னிக்கவில்லை. இதில் என் சிப்பாய் இருந்தாரா? கடை இருந்தார் என்கிறது. ஒரு ஸ்குவாட்ரன் மட்டும் பாய்ந்த சண்டை அது. பட்டை அவர் அன்று அந்த நிலத்தில் இருந்தார் என்று மட்டும் சொல்லும், கையில் ஈட்டியோடு அந்த வரிசையில் இருந்தார் என்று சொல்லாது. அவர் செய்தாரா என்றே தெரியாத ஒன்றை அவர் பெயரில் எழுதுவது, பெருமையாகவே எழுதினாலும், சரியில்லை என்பது என் கருத்து.

லேடிஸ்மித் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து 1900 பிப்ரவரி 28 வரை முற்றுகை. உம்புல்வானா மலைமேல் போயர்களின் லாங் டாம் பீரங்கி. அது சுடும் வெளிச்சம் தெரிந்ததும் ஊர் பதுங்குவதற்காக மணி அடித்தவர் பிரபு சிங் என்ற இந்திய ஒப்பந்தக் கூலி. காந்தி அவரைப் பற்றி எழுதியிருக்கிறார், வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி அவருக்கு ஓர் அங்கி அனுப்பிவைத்தார். உள்ளே தீவனம் தீர்ந்தது. குதிரைப்படைக்காரர்கள் ஈட்டியையும் வாளையும் ஒப்படைத்துவிட்டுத் துப்பாக்கியும் பயனட்டும் வாங்கிக்கொண்டு காலாட்படை போலப் பள்ளத்தில் நின்றார்கள். தீனி போட முடியாத குதிரைகளை மேயட்டும் என்று அவிழ்த்து விட்டார்கள். அவற்றில் பல தீனி நேரத்துக்குப் பழைய லாயத்துக்கே திரும்பி வந்து நின்றன. பிறகு குதிரைகளை வெட்டி வேகவைத்தார்கள், எலும்போடு காய்ச்சி இறக்கிய குழம்புக்கு, போவ்ரில் என்ற மாட்டுச்சாறு நினைவாக, செவ்ரில் என்று பெயர் வைத்தார்கள். காலையில் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, குளம்பு பார்த்து வளர்த்த மிருகத்தை அதைச் செய்த கையே கிண்ணத்தில் வாங்கிக் குடித்தது. இந்தப் போர் முழுக்க பிரிட்டிஷ் தரப்பில் செத்த குதிரைகள் மூன்று லட்சத்துக்கு மேல். போர்ட் எலிசபெத்தில் 1905-ல் அவற்றுக்காக ஒரு சிலை வைத்தார்கள், ஒரு சிப்பாய் மண்டியிட்டு வாளியைக் குதிரையின் வாய்க்குப் பிடித்திருப்பான். கடை தந்த எட்டுப் பக்கத்தில் குதிரை என்ற சொல் படையின் பெயரில் மட்டும்தான் வருகிறது.

அவருக்குக் குடல் காய்ச்சல் வந்தது பிப்ரவரியில். முற்றுகைக்குள் குண்டைவிட அதுவும் சீதபேதியும்தான் அதிகம் பேரை எடுத்தன. நோயாளிகளை ஊருக்கு வெளியே இண்டோம்பி என்ற முகாமில் வைத்திருந்தார்கள், வெள்ளைக் கொடியோடு தினமும் ஒரு ரயில் போய்வந்தது. அவர் பிழைத்தார். மே மாதம் கப்பல், பிறகு சவுதாம்ப்டன் அருகே நெட்லி ராணுவ மருத்துவமனை, அடுத்த வருஷம் உடல் தகுதியில்லை என்று சின்ன ஓய்வூதியத்தோடு வெளியே. இரண்டே பட்டைதான். அந்த இரண்டுக்குள் இவ்வளவு இருக்கிறது.

ரோலின் பிரதியோடு கடைக்குத் திரும்பிப் போனேன். வாங்கும்போதே மூன்று பட்டையோடுதான் வந்தது என்றார் கடைக்காரர். இருக்கலாம், நூறு வருஷத்தில் எத்தனையோ கை மாறியிருக்கும், யார் மாட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சரிபார்க்கப்பட்டது என்று அட்டையில் எழுதியது அவர்கள். ரோலைப் பார்த்திருந்தால் இருபது நிமிஷத்தில் தெரிந்திருக்கும். முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன், மெடலை வைத்துவிட்டுப் போங்கள் என்றார். இல்லையென்றால் கோப்புக்கான 35 பவுண்டும், மெடல் விலையில் 60 பவுண்டும் குறைத்துக்கொள்ளலாம் என்றார். வாதாடாமல் அதே இடத்தில் கணக்கை முடித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். க்யூவில் அந்த அடித்த கோட்டைப் பார்த்த பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டிக்குத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

கடைக்கு ஐந்தில் இரண்டு. பொருளைத் தொட விட்டதற்கும் பணத்தைத் திருப்பியதற்கும் அந்த இரண்டு. கோப்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால், சரிபார்த்தோம் என்று சொல்லும் கடையிடம் ரோல் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள், உண்மையிலேயே பார்த்தவர்களிடம் அது கட்டாயம் இருக்கும். பணி வரலாறு என்று தனியாகக் காசு கேட்டால் அதில் அந்த ஆளுடைய உயரமாவது இருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பட்டையைக் கழற்ற நகைக்காரரிடம் போகாமல் ஈய நுனியை மெதுவாக நிமிர்த்தினாலே வந்துவிட்டது, தனி உறையில் போட்டு, என்ன, எப்போது, ஏன் கழற்றினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து யார் கைக்குப் போனாலும் தெரியட்டும். மெடலைப் பாலிஷ் போடாதீர்கள். என்னுடையதில் யாரோ தேய்த்துத் தேய்த்து ராணியின் கன்னம் மழுங்கிவிட்டது, அதைத் திருப்பி வைக்க முடியாது.

க்யூ காப்பகம் ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். அசல் காகிதம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும், பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று இரண்டு சான்று கொண்டுபோங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இந்த மெடலை வெண்கலத்திலும் அடித்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து படைகளோடு போன, ஆயுதம் தாங்காத தொழிலாளர்களுக்கு அது, பட்டை எதுவும் கிடையாது. என் அடுத்த சனிக்கிழமை அந்தப் பெயர்களுக்கு.